வீடு வாங்குமுன் அதன் வெப்பமூட்டலை எப்படி மதிப்பிடுவது? (ஸ்காபரோ, 1974இல் கட்டப்பட்ட வீடு)

புதுமனை | 2025 நவம்பர் 3

உறவுகளுக்கு வணக்கம். ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் 1974ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரண்டு மாடித் தனிவீடு ஒன்றை வாங்குவதற்கு நானும் மனைவியும் எண்ணியிருக்கிறோம். இது எங்கள் முதல் வீடு. இதுவரை வாழ்ந்த அடுக்குமாடி வீட்டில் வாடகைக்குள்ளேயே வெப்பமும் அடங்கியிருந்ததால் எரிவாயுக் கட்டணச் சீட்டை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

விற்பனை விளம்பரத்தில் "புதிய ஃபேர்னஸ், 2021" என்று, அதாவது வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை புதிது என்று, எழுதியிருக்கிறார்கள். நான்கு வயதுதான் ஆகிறது, இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று எங்கள் முகவர் சொல்கிறார். ஆனால் நாங்கள் வீட்டைப் பார்க்கப் போன அன்று வெளியே 6 பாகை செல்சியஸ்தான் இருந்தது. வரவேற்பறை வியர்க்கும் அளவுக்குச் சூடாக இருந்தபோதும், கராஜுக்கு மேலே அமைந்த படுக்கையறையில் என் தாயார் சால்வையைக் கழற்றவே இல்லை. அந்த அறையின் அலுமாரிக்குள் சிறிய மின்சூடாக்கி ஒன்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததையும் கண்டேன். ஃபேர்னஸ் புதிது என்றால் அந்தச் சூடாக்கி எதற்கு என்ற கேள்வி அன்றிலிருந்து மனதை விட்டு அகலவில்லை.

எங்கள் விலைக்கோரிக்கை ஏற்கப்பட்டால், பரிசோதனை நிபந்தனைக்கு (வீட்டைப் பரிசோதித்து, திருப்தி இல்லையென்றால் விலகிக்கொள்ள இடம் தரும் நிபந்தனை) ஐந்து வேலைநாட்கள் கேட்கலாம் என்றிருக்கிறோம். அந்த ஐந்து நாட்களில் எதைப் பார்க்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும், எந்தப் பத்திரங்களைக் கேட்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நீலச்சுடர் | 2025 நவம்பர் 3

தம்பி, நான் ஒன்ராறியோவில் பதினேழு ஆண்டுகளாக எரிவாயுத் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த அலுமாரிக்குள் இருந்த சூடாக்கியிலேயே இருக்கிறது. ஃபேர்னஸ் என்பது வெப்பத்தை உண்டாக்கும் பெட்டி மட்டுமே. அந்த வெப்பத்தை அறைக்குக் கொண்டுபோகும் குழாய்களும், வந்த வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சுவர்களும் சேர்ந்ததுதான் வீட்டின் வெப்பமூட்டல். பெட்டி புதிது என்பதால் மற்ற இரண்டும் நலம் என்று ஆகிவிடாது.

இருந்தாலும் பெட்டியிலிருந்தே தொடங்குங்கள். முன்கதவைக் கழற்றினால் உள்ளே ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதை முழுவதுமாகப் படம் எடுங்கள். தொடர் இலக்கம், உள்ளீட்டு வெப்ப அளவு, அனுமதிக்கப்பட்ட வெப்பநிலை உயர்வு (பெட்டியைக் கடக்கும் காற்று எவ்வளவு சூடேறலாம் என்ற எல்லை) ஆகிய மூன்றும் அதில் உண்டு. விளம்பரம் சொல்லும் ஆண்டைத் தொடர் இலக்கத்தைக் கொண்டே சரிபார்க்கலாம். கேரியர் நிறுவனத்தின் பெட்டியாயின் முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். குட்மன் பெட்டியில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம். லெனொக்ஸில் மூன்றாம், நான்காம் இலக்கங்களே ஆண்டைச் சொல்லும்.

அடுத்ததாகப் புகை எங்கே போகிறது என்று பாருங்கள். கனடாவில் விற்கப்படும் வீட்டு எரிவாயு ஃபேர்னஸ்கள் குறைந்தது 90 வீத வினைத்திறன் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2019 யூலையில் அது 95 வீதமாக உயர்த்தப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டிலுள்ளது உண்மையிலேயே 2021ஆம் ஆண்டுப் பெட்டி என்றால், அதன் புகை பிளாஸ்ரிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரைத் துளைத்து வெளியே போகும். உலோகக் குழாய் ஒன்று ஃபேர்னஸிலிருந்து செங்கல் புகைபோக்கிக்குப் போவதைக் கண்டால், விளம்பரத்தில் உள்ள ஆண்டை நம்ப வேண்டாம்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய காலத்தில் ஃபேர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டன. ஃபேர்னஸ் பிளாஸ்ரிக் குழாய்க்கு மாறிய பிறகு, அவ்வளவு பெரிய புகைபோக்கிக்குள் சுடுநீர்த் தாங்கி மட்டும் தனியே எஞ்சிவிடுகிறது. அதன் சிறிய சூடு அந்தக் குளிர்ந்த செங்கற்குழலை வெப்பப்படுத்தப் போதாது. புகை மேலே எழாமல் நிலவறைக்குள்ளேயே திரும்பலாம். அந்தப் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு இருக்கக்கூடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகைபோக்கிக்குள் சரியான அளவில் உலோக உட்குழாய் இறக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, அதற்கான பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

இதைச் சோதிக்க உங்கள் வீட்டிலுள்ள ஊதுபத்தியே போதும். சமையலறைப் புகையுறிஞ்சி, குளியலறை விசிறி, துணி உலர்த்தி எல்லாவற்றையும் ஓட விட்டு, சாளரங்களை மூடி, சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கியின் சுடரை எரிய வையுங்கள். ஐந்து நிமிடங்களின் பின், தாங்கியின் தலைப்பகுதியில் புகைக்குழாய் தொடங்கும் இடைவெளிக்கு அருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. உங்கள் முகத்தை நோக்கி வந்தால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற ஒருவரை உடனே அழையுங்கள்.

வாடாமல்லி | 2025 நவம்பர் 4

தம்பி, நீலச்சுடர் அண்ணா பெட்டியைப் பற்றி எழுதிவிட்டார். நான் அந்தப் பெட்டி யாருடையது என்பதைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் ஏஜாக்ஸில் வீடு வாங்கியபோது அதைக் கேட்காமல் விட்டதற்கு இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"புதிய ஃபேர்னஸ்" என்று எழுதியிருந்தால், அது வாங்கப்பட்டதா வாடகைக்கு எடுக்கப்பட்டதா என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். ஒன்ராறியோவில் சுடுநீர்த் தாங்கியை வாடகைக்கு வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். பின்னர் ஃபேர்னஸ், குளிரூட்டி, நீர்வடிகட்டி என்று எல்லாவற்றுக்கும் வாடகை ஒப்பந்தங்கள் பரவின. வீட்டுவாசலுக்கு வந்து இவற்றை விற்பதை 2018 மார்ச் 1 முதல் மாகாணம் தடைசெய்தபோதும், பிற வழிகளில் கையெழுத்திடப்பட்ட ஒப்பந்தங்கள் பல வீடுகளில் உள்ளன. எங்கள் கொள்வனவு ஒப்பந்தத்தில் வாடகைப் பொருட்கள் என்ற பகுதியில் "ஃபேர்னஸ், சுடுநீர்த் தாங்கி" என்று இரண்டு பெயர்கள் மட்டுமே இருந்தன. அந்தப் பகுதியின் அச்சிட்ட வாசகம், வாங்குபவர் அந்த ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்கிறது. நாங்கள் கையெழுத்திட்டோம். மாதம் 95 டொலர், அதன்மேல் 13 வீத விற்பனை வரி, ஆண்டுக்கு 3.5 வீத உயர்வு, பத்து ஆண்டுக் காலம் என்ற விபரங்கள் எல்லாம் வீட்டுக்குள் குடிபோன பிறகே தெரியவந்தன. கூட்டிப் பாருங்கள்: பத்து ஆண்டுகளில் 15,000 டொலருக்கு மேல் வருகிறது. அதே வகைப் பெட்டியை நேரடியாக வாங்கிப் பொருத்த எங்கள் அயலவர் அதில் மூன்றிலொரு பங்குதான் செலவிட்டார்.

முன்பு இத்தகைய நிறுவனங்கள் வீட்டின் உறுதிப்பத்திரப் பதிவிலேயே பிணைய அறிவித்தல் ஒன்றை, அதாவது அந்தப் பொருளில் தமக்கு உரிமை உண்டு என்ற குறிப்பை, பதிவுசெய்து வைத்திருக்கும். அது பலரை, குறிப்பாக வயதானவர்களை, பெரும் துன்பத்துக்கு உள்ளாக்கியதால், நுகர்வோர் பொருட்களுக்கு அப்படிப் பதிவதை 2024 யூன் 6 முதல் ஒன்ராறியோ அரசு நிறுத்திவிட்டது. அது மிக நல்ல காரியம். ஆனால் வாங்குபவர்கள் இதில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பதிவுதான் நீங்கியிருக்கிறது, வாடகை ஒப்பந்தம் நீங்கவில்லை. முன்பு சட்டத்தரணி உறுதியைத் தேடும்போது அந்த அறிவித்தல் கண்ணில் படும். இப்போது அங்கே எதுவும் தெரியாது. எனவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மூல ஒப்பந்தத்தின் பிரதியையும், இன்றைய திகதியில் அதை முழுவதுமாகக் கொடுத்து முடிக்கும் தொகை எவ்வளவு என்று நிறுவனம் வழங்கும் கடிதத்தையும் கேளுங்கள். "எனக்குத் தெரியாது, என் முகவரைக் கேளுங்கள்" என்று விற்பவர் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

மேப்பிள்நிழல் | 2025 நவம்பர் 4

நான் வீட்டு முகவராகப் பணிபுரிபவன் என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன். இங்கே எழுதியவை யாவும் சரியானவையே. ஆயினும் ஒரே வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டியிடும் வேளையில், ஊதுபத்தியும் ஒப்பந்தப் பிரதியும் கேட்கும் ஒருவரை விற்பவர் பொருட்படுத்தமாட்டார் என்பதும் உண்மை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் நிபந்தனை வைத்த என் வாடிக்கையாளர்கள் பலர் வீட்டை இழந்தார்கள். நான்கு வயதுடைய ஃபேர்னஸுக்காக ஒரு நல்ல வீட்டை விட்டுவிடுவது அறிவுடைமையா என்று கேட்கிறேன்.

நீலச்சுடர் | 2025 நவம்பர் 4

ஐயா, போட்டி மிகுந்த காலத்தில் நிபந்தனை வைக்க முடியாது என்றால், விலைக்கோரிக்கை கொடுப்பதற்கு முன்பே பரிசோதகரை அழைத்துப் போகலாம். நூற்றுக்கணக்கான டொலர் செலவாகும், வீடு கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவதை விட அது மேல். இன்று சந்தை அன்றைய நிலையில் இல்லை. ஐந்து நாட்கள் கேட்கக்கூடிய நிலையில் இருப்பவர் அதைக் கேட்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பரிசோதகர் பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோவில் வீட்டுப் பரிசோதகர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் 2017ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டபோதும் அது நடைமுறைக்கு வரவில்லை. நல்லவர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்கள் ஃபேர்னஸைத் தொடக்கி, சூடு வருகிறதா என்று பார்த்து, வயதை எழுதிவிட்டு நகர்வார்கள். எரிவாயுப் பகுதியைக் கழற்றிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ரி.எஸ்.எஸ்.ஏ எனப்படும் தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் பெற்ற ஜி2 அல்லது ஜி1 தர எரிவாயுத் தொழில்நுட்பரை ஒரு மணிநேரம் தனியாக அழையுங்கள். சான்றிதழ் அட்டையைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்கன் | 2025 நவம்பர் 5

பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்குக் கட்டணச் சீட்டுகளே மிகவும் பிடித்தமான சான்று. சுவரின் வெப்பக்காப்பு நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொல்லலாம், சாளரங்கள் புதியவை என்று முகவர் சொல்லலாம். அந்த வீடு சென்ற யனவரியில் எத்தனை கன மீற்றர் எரிவாயுவை எரித்தது என்பதை ஒருவராலும் மாற்றிச் சொல்ல முடியாது.

விற்பவரிடம் கடந்த பன்னிரண்டு மாதச் சீட்டுகளைக் கேளுங்கள். டொலர்த் தொகையைப் பார்க்காதீர்கள், கன மீற்றரை மட்டும் பாருங்கள். எரிவாயு விலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அத்துடன் 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோருக்கான மத்திய காபன் கட்டணம் நீக்கப்பட்டதால், சென்ற குளிர்காலத்தின் டொலரையும் வரப்போகும் குளிர்காலத்தின் டொலரையும் ஒப்பிடவே முடியாது. ரொறன்ரோப் பகுதியில் வழமையான வீடொன்றுக்கு ஆண்டுக்கு 2,400 கன மீற்றர் என்பதை என்பிரிட்ஜ் எரிவாயு நிறுவனம் தன் கணக்குகளில் எடுத்துக்கொள்வது வழக்கம். அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வசித்தார்கள், தேர்மோஸ்டாற்றை (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியை) எத்தனை பாகையில் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இருவர் மட்டும் 18 பாகையில் வாழ்ந்த வீட்டின் சீட்டு, உங்கள் தாயாரும் குழந்தைகளும் வாழப்போகும் வீட்டுக்குப் பொருந்தாது.

விற்பவர் மத்திய அரசின் பசுமை வீட்டு மானியம் பெற்றிருந்தால், எனர்கைட் எனப்படும் வீட்டுச் சக்திப் பயன்பாட்டு மதிப்பீட்டு அறிக்கையும் அவரிடம் இருக்கும். மின்சாரப் பலகையின் மேலோ ஃபேர்னஸின் மேலோ அதன் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சீட்டின் விபரங்களையும் தகட்டின் விபரங்களையும் இங்கே இடுங்கள். கணக்குப் போட்டுத் தருகிறேன்.

பழையவீடு | 2025 நவம்பர் 6

ஈஸ்ட் யோர்க்கில் போருக்கு முந்திய வீடு ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாக வாழ்கிறேன். எங்கள் வீட்டில் ஃபேர்னஸ் இல்லை. கொதிகலனும் வார்ப்பிரும்பு ரேடியேற்றர்களும்தான். இந்த இழையைப் படிக்கும் வேறு எவரேனும் அத்தகைய வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஒவ்வொரு ரேடியேற்றரையும் கையால் தொட்டு, மேலும் கீழும் ஒரேபோலச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பகுதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. அதை எளிதில் வெளியேற்றிவிடலாம். வால்வுகளின் அடியில் துருக்கறை இருந்தால் நீர் நெடுங்காலமாகக் கசிந்திருக்கிறது. நிலவறைக் குழாய்களைச் சுற்றி வெள்ளை நிறத்தில் துணிபோன்ற பழைய உறை இருந்தால் அதைத் தொடாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். அது நுரையீரலுக்குத் தீங்கான அஸ்பெஸ்டொஸாக இருக்கக்கூடும். 1970களின் ஃபேர்னஸ் வீடுகளிலும் காற்றுக்குழாய்களின் மூட்டுகளில் அதே வெள்ளைப் பட்டியைக் காணலாம் என்பதால் தம்பியும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

புதுமனை | 2025 நவம்பர் 12

எல்லோருக்கும் நன்றி. எங்கள் விலைக்கோரிக்கையை நேற்று ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து வேலைநாட்கள் நிபந்தனையும் கிடைத்தது. விபரங்கள் பின்வருமாறு.

தகட்டின்படி ஃபேர்னஸ் 2021ஆம் ஆண்டு செய்யப்பட்டதுதான். உள்ளீடு மணிக்கு 100,000 பி.ரி.யு (வெப்பத்தை அளக்கும் அலகு), வினைத்திறன் 96 வீதம், அனுமதிக்கப்பட்ட வெப்பநிலை உயர்வு 35 முதல் 65 பாகை ஃபரனைற், அதாவது ஏறக்குறைய 19 முதல் 36 பாகை செல்சியஸ். ஆண்டு முழுவதற்குமான எரிவாயு 3,100 கன மீற்றர். யனவரிச் சீட்டில் 31 நாட்களுக்கு 560 கன மீற்றர். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலா 40 கன மீற்றர். நான்கு பேர் வசிக்கிறார்கள். தேர்மோஸ்டாற் 21 பாகையில் இருக்கிறது.

வாடாமல்லி அக்கா அஞ்சியதே நடந்திருக்கிறது. ஃபேர்னஸ் வாடகைப் பொருள். பத்து ஆண்டு ஒப்பந்தம் இது. விளம்பரத்தில் அது சொல்லப்படவில்லை. ஒப்பந்தப் படிவத்தில் சுடுநீர்த் தாங்கி மட்டுமே வாடகை என்று இருந்தது. நான் எழுத்தில் கேட்ட பிறகே விற்பவர் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். அவர் எதையும் மறைக்க எண்ணியதாக எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்திட்டவர் அவருடைய காலஞ்சென்ற தந்தையார்.

கணக்கன் | 2025 நவம்பர் 12

மிகவும் தெளிவான விபரங்கள். கோடையில் எரியும் 40 கன மீற்றர் சமையலுக்கும் சுடுநீருக்கும் உரியது. அதை யனவரியின் 560இலிருந்து கழித்தால் வெப்பமூட்டலுக்கு 520, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 16.8 கன மீற்றர். ஒரு கன மீற்றர் எரிவாயுவில் சுமார் 10.35 கிலோவாற்று மணி சக்தி உண்டு. ஆகவே நாளுக்கு 174 கிலோவாற்று மணி. அதில் 96 வீதம் வீட்டுக்குள் வருவதால் 167. இருபத்துநான்கால் வகுத்தால் சராசரியாக 7 கிலோவாற்று.

யனவரியின் சராசரி வெப்பநிலையை மறை 5 (-5) பாகை என்று கொள்வோம். மனிதரின் உடற்சூடு, சமையல், வெயில் ஆகியவை சில பாகைகளைத் தாமே ஈடுசெய்வதால், உள்ளே 21 இருந்தாலும் கணக்கில் 18ஐ எடுப்பதே வழக்கம். வேறுபாடு 23 பாகை. அப்படியானால் இந்த வீடு ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 0.3 கிலோவாற்று வெப்பத்தை இழக்கிறது. ஒன்ராறியோக் கட்டட விதிகள் ஸ்காபரோவுக்கு வடிவமைப்பு வெப்பநிலையாக மறை 20ஐக் குறிப்பிடுகின்றன. அந்தக் கடுங்குளிரில் வேறுபாடு 38. தேவை ஏறக்குறைய 11.5 கிலோவாற்று, அதாவது மணிக்கு 39,000 பி.ரி.யு. பெட்டியோ 96,000 பி.ரி.யு வெளிவிடக்கூடியது. தேவையின் இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது.

அன்னாசிப்பூ | 2025 நவம்பர் 13

பெரிய ஃபேர்னஸ் இருப்பது நல்லதுதானே? மறை 30 வந்தாலும் தாங்கும். சிறியதை வாங்கிக் குளிரில் நடுங்குவதைக் காட்டிலும் பெரியது மேல் என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வோம்.

நீலச்சுடர் | 2025 நவம்பர் 13

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். விற்பவர்களும் அந்த நினைப்பையே வளர்க்கிறார்கள். அரிசிப் பானையில் அளவுக்கு மிஞ்சி நெருப்பு வைத்தால் அடி பிடிக்கும், மேலே வேகாமல் இருக்கும். தேர்மோஸ்டாற் இருப்பது கீழ்த்தளக் கூடத்தில். பெரிய பெட்டி நான்கு, ஐந்து நிமிடங்களில் அந்தக் கூடத்தைச் சூடாக்கிவிட்டு நின்றுவிடும். நீண்ட குழாயின் முனையில் இருக்கும் கராஜ் மேலறைக்குச் சூடான காற்று சரியாகப் போய்ச் சேருமுன்னரே ஓட்டம் முடிந்துவிடுகிறது. தம்பியின் தாயார் சால்வையைக் கழற்றாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. 1974ஆம் ஆண்டின் காற்றுக்குழாய்கள் இவ்வளவு வெப்பத்துக்குத் தேவையான காற்றைக் கடத்தும் அகலம் கொண்டவை அல்ல, குறிப்பாக அறைகளிலிருந்து காற்றைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்கள். போதிய காற்று ஓடாவிட்டால் பெட்டிக்குள் வெப்பம் தேங்கும். மேல்வரம்புப் பாதுகாப்பு ஆளி அடிக்கடி சுடரை அணைக்கும். சுடரின் வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்தும் உலோகப் பகுதியான வெப்பப் பரிமாற்றி விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, அதன் ஆயுளுக்கு முன்பே வெடிப்புக் காணலாம். இதைக் கண்டறிய வழி எளிது: பெட்டியிலிருந்து வெளியேறும் காற்றின் வெப்பநிலையையும் திரும்பி வரும் காற்றின் வெப்பநிலையையும் அளந்து கழித்தால், விடை தகட்டிலுள்ள எல்லைக்குள் இருக்க வேண்டும். அளக்கும் இடம் பரிமாற்றியின் நேர்ப்பார்வையில் இல்லாதவாறு குழாயின் வளைவுக்கு அப்பால் இருக்க வேண்டும். தம்பி, தொழில்நுட்பரை அழைக்கும்போது இந்த ஒரு அளவீட்டைக் கட்டாயம் கேளுங்கள். புகைபோக்கியையும் மறக்க வேண்டாம்.

புதுமனை | 2025 நவம்பர் 16

நேற்று ஜி2 தொழில்நுட்பர் ஒருவர் வந்து ஒன்றரை மணிநேரம் நின்று பார்த்தார். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

வெளியேறும் காற்று 64 பாகை, திரும்பும் காற்று 21 பாகை. வேறுபாடு 43. தகட்டின் உச்ச எல்லை 36. காற்று வடிகட்டியை இழுத்துப் பார்த்தபோது அது நுண்துகள்களைப் பிடிக்கும் மிகவும் அடர்ந்த வகை; அதிலே மாதக்கணக்கான தூசி படிந்து கம்பளம்போல் இருந்தது. சாதாரண வடிகட்டியை இட்டதும் வேறுபாடு 37ஆக இறங்கியது. விசிறியின் வேகத்தை ஒரு படி உயர்த்தியதும் 33 ஆயிற்று. ஆகவே இதற்கு வழி இருக்கிறது. பெட்டி பெரிதுதான், ஆனால் இரண்டு நிலைகளில் எரியும் வகை என்பதால் தாழ்நிலையில் நீண்ட நேரம் ஓடுமாறு அமைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு எதையும் அவர் காணவில்லை.

ஊதுபத்திச் சோதனைதான் என்னைக் கலங்க வைத்தது. துணி உலர்த்தியும் சமையலறை விசிறியும் ஓடும்போது புகை தாங்கிக்குள் இழுபடவில்லை. வெளியே வழிந்து என் கையைச் சுற்றியது. தொழில்நுட்பர் தன் கருவியால் அளந்து உறுதிசெய்தார். புகைபோக்கிக்குள் உட்குழாய் இறக்கப்படவில்லை. 2021இல் ஃபேர்னஸ் பக்கச் சுவருக்கு மாறியபோது தாங்கியைப் பற்றி எவரும் சிந்திக்கவில்லை. அவர் சிவப்புச் சீட்டு எழுதித் தாங்கிக்கான எரிவாயுவை அங்கேயே அடைத்துவிட்டார். அந்த நிலவறையில்தான் விற்பவரின் பதினாறு வயது மகன் உறங்குகிறான். அங்கிருந்த காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தாயார் நெடுநேரம் எதுவும் பேசாமல் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்தச் சோதனையைச் செய்தது சரி என்று அப்போது எனக்குப் பட்டது.

வாடாமல்லி | 2025 நவம்பர் 16

படித்ததும் கை நடுங்கியது, தம்பி. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி. இனி நிபந்தனையை நீக்குமுன் எல்லாவற்றையும் எழுத்தில் எடுங்கள். தாங்கியின் புகைவழி உரிமம் பெற்றவரால் சரிசெய்யப்பட்டு, சிவப்புச் சீட்டு நீக்கப்பட்ட அத்தாட்சி கைக்கு வர வேண்டும். ஃபேர்னஸ் ஒப்பந்தத்தை விற்பவர் முடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை, வீட்டின் விலையிலிருந்து அவரது சட்டத்தரணியே நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்துவதாக உறுதிமொழி தர வேண்டும். "கைமாறும் நாளில் வெப்பமூட்டல் இயங்கும் நிலையில் இருக்கும்" என்ற ஒற்றை வாசகம் போதாது. அந்தத் தாங்கியும் நேற்று வரை இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

மேப்பிள்நிழல் | 2025 நவம்பர் 17

நான் முன்னர் எழுதியதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். ஒப்பந்தத் திருத்தத்துக்கு நிபந்தனைக் காலம் முடியுமுன் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். நாளை உங்கள் கடைசி நாள் என்றால், நிபந்தனைக் காலத்தை இரண்டு நாட்கள் நீடிக்கும் திருத்தத்தை இன்றே அனுப்பச் சொல்லுங்கள். இத்தகைய குறை தெரிந்த பின்னர் விற்பவர் அதை மறுப்பது அரிது. நிலவறையை வாடகைக்கு விடும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒன்ராறியோ விதிகளின்படி செப்ரெம்பர் 1 முதல் யூன் 15 வரை வாடகைக் குடியிருப்பில் குறைந்தது 20 பாகை இருக்க வேண்டும். தேர்மோஸ்டாற் மேல்வீட்டில் இருக்கும்போது கீழே அதை உறுதிசெய்வது எளிதல்ல.

புதுமனை | 2025 நவம்பர் 21

இரண்டு நாட்கள் நீடித்தார்கள். திருத்தம் நேற்றுக் கையெழுத்தாயிற்று. ஃபேர்னஸ் ஒப்பந்தத்தை முடிக்கும் தொகை 7,800 டொலர் என்று நிறுவனத்தின் கடிதம் வந்தது. அதை விற்பவரின் சட்டத்தரணி கைமாறும் நாளில் செலுத்துவார். பழைய தாங்கி ஏற்கெனவே அகற்றப்பட்டு, விசிறியால் புகையைப் பக்கச் சுவர் வழியே வெளியேற்றும் தாங்கி பொருத்தப்பட்டுவிட்டது. விற்பவர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, மகனுக்காக மறுநாளே அதைச் செய்துவிட்டார். அதுவும் வாடகைதான், ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே ஏற்றுக்கொண்டோம்.

கராஜ் மேலறைதான் எஞ்சியிருக்கிறது. தொழில்நுட்பர் கராஜின் கூரைப் பலகையில் இருந்த சிறிய துவாரம் வழியே விளக்கடித்துப் பார்த்தபோது, அந்த அறைக்குப் போகும் காற்றுக்குழாய் வெப்பக்காப்பு எதுவுமின்றி வெறுமனே கிடந்ததாம். வசந்தத்தில் பலகையைக் கழற்றி அதைச் சரிசெய்வதாக இருக்கிறோம். அதுவரை அம்மாவுக்குத் தெற்குப் பக்க அறையைக் கொடுத்துவிட்டு, அந்த அறையில் நானும் மனைவியும் படுத்துக்கொள்வோம்.

நீலச்சுடர் | 2025 நவம்பர் 21

நல்லது தம்பி. பலகையைக் கழற்றியதும் குழாயைச் சுற்றி வெப்பக்காப்பை இடுமுன், அதன் மூட்டுகள் அனைத்தையும் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். காரின் புகை அந்த மூட்டுகள் வழியாகப் படுக்கையறைக்கு ஏறக்கூடாது. கூரைக்கும் கராஜ் சுவருக்கும் இடைப்பட்ட கீறல்களையும் அதேபோல் அடைக்க வேண்டும். திறந்தவுடன் படம் எடுத்து இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.